மகளுக்காகக் காத்திருந்த கொளுக்கி

ஈரமான கம்பளிக் கையுறைகள் ஹீட்டரின் மேல் காயும் மணம்... ஆட்டுக்கொட்டில் மாதிரி இருக்கும். டென்மார்க்கில் என் முதல் வேலை அந்த மணத்துக்குள்தான்.

ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் ஒரு மொன்ரிசோரிப் பாலர் பள்ளி. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள். பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனபிறகு கூட்டித் துடைப்பது என் உத்தியோகம். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேனா, அது என்னைக் கைவிட்டதா என்பது இன்னும் தீராத பிரச்சினை. கடைசியில் பாருங்கள், பள்ளிக்கூடத்திலேயே வேலை!

அங்கே எல்லாமே குட்டி. குட்டிக் கதிரை, குட்டி மேசை, கூட்டுவதற்குக் குட்டித் தும்புத்தடி. பிள்ளைகள் தாங்களே தண்ணீர் வார்ப்பார்கள், தாங்களே மேசை துடைப்பார்கள்.

"பிள்ளையளே துடைக்கினம் எண்டால் என்னை ஏன் அண்ணை வைச்சிருக்கினம்?" என்று அன்ரன் அண்ணையிடம் கேட்டேன். மன்னார் ஆள். என்னோடு ஒரே அறையில் இருந்தவர். எனக்கு முன்னமே வந்ததால் அவருக்கு டேனிஷ் கொஞ்சம் ஓடும்.

"நீயும் பார்த்துப் பழகட்டும் எண்டுதான்," என்றார்.

என் மனைவி றீற்றாவும் மகள் ஜெனியும் யாழ்ப்பாணத்தில். நான் வெளிக்கிட்டபோது ஜெனி தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு மூன்று வயதாகப் போகிறது. இரண்டு பேரையும் கூப்பிட விண்ணப்பம் போட்டாயிற்று. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றிருந்த காலம்...

அங்கே பொறுப்பாயிருந்தவர் கிர்ஸ்டன் ரீச்சர். அன்ரன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய், மகளுக்கு ஓர் இடம் கேட்டேன். ரீச்சர் ஒவ்வொன்றாக விசாரித்தார். தானாகச் சாப்பிடுவாளா? தானாகச் சப்பாத்துப் போடுவாளா? தானாகக் கக்கூசுக்குப் போவாளா?

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "சீச்சீ! ஒண்டும் தானாச் செய்ய விடமாட்டம். சாப்பாடு தாய்தான் தீத்திறவ. நிலத்தில இறக்கவே மாட்டினம். அவ்வளவு கவனமா வளக்கிறம் எண்டு சொல்லுங்கோ அண்ணை!"

அண்ணை அப்படியே சொன்னார். ரீச்சரின் முகம் வாடிவிட்டது.

"டேய், பிள்ளைக்கு நடக்கேலாதோ எண்டு கேக்கிறாடா."

பிறகு அண்ணை எங்கள் வளர்ப்பை விளக்கி முடிய, ரீச்சர் சிரித்துவிட்டார். வருவதற்குள் பழக்கச் சொல்லுங்கள், இடம் வைத்திருக்கிறேன் என்றார். கோட் கொளுவும் வரிசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொளுக்கி, அதன்மேல் ஒரு படம். வாசிக்கத் தெரியாத வயதல்லவா... எனக்கும் அது வசதிதான். அன்றைக்கே ஒரு கொளுக்கியின் மேல் யானைப் படம் ஒட்டினார். இலங்கைப் பிள்ளைக்கு யானை.

எனக்கு எழுத்து ஓடாது. கசெற்றில் பேசித்தான் வீட்டுக்கு அனுப்புவேன். "றீற்றா, இனிப் பிள்ளைக்குத் தீத்தாத, தூக்காத. எல்லாம் தானாச் செய்யட்டும்" என்று பேசி அனுப்பினேன்.

பதில் கசெற் வந்தது. "ஓ, துரை அங்க இருந்துகொண்டு சட்டம் போடுறாரோ? தகப்பனைத்தான் பக்கத்தில காணேல்லை, பிள்ளைக்குத் தாயின்ர கையும் வேண்டாமாமோ? முதல் எங்களைக் கூப்பிடுற வழியைப் பாருங்கோ!" அவளுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல்: "அம்மா, ஏன் பெட்டியோட கதைக்கிறியள்?"

ஏசினாலும் பழக்கினாள். அதற்கடுத்த கசெற்றில் ஜெனியே கதைத்தாள்.

"அப்பா, நான் தானாச் சாப்பிட்டனான். தானாக் குளிச்சனான். ஷெல் அடிச்சால் தானா பங்கருக்குள்ள ஓடுவன்."

எனக்கே ஒரு பகிடி வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடதாசி அசையவில்லை. எனக்கு மட்டுமல்ல. டோஸ்ட்ருப், புரொண்பி என்று வேறு ஊர்களில் இருந்த தமிழருக்கும் அதே கதை. எல்லோருடைய விண்ணப்பமும் எங்கேயோ படுத்துக்கிடந்தது. ஏன் என்று சொல்ல ஆளில்லை. மந்திரியே மறித்து வைத்திருந்தார் என்று பிறகு வெளிவந்து, அது தமிழர் வழக்கென்று பெரிதாகி, டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. விழுந்தது சரி... எங்கள் வருஷங்களை யார் தூக்கி நிறுத்துவது?

குளிர் வந்தால் எல்லாக் கொளுக்கியிலும் தடித்த கோட் தொங்கும். யானைக்குக் கீழே வெறும் சுவர். ரீச்சர் என்னைக் கண்டால் "கடிதம்?" என்பார். "யானை மெல்லத்தான் வரும்" என்று தெரிந்த டேனிஷில் சமாளிப்பேன். ஒரு குளிர்காலம் போய் அடுத்ததும் வந்தது. பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

ஒருநாள் என்னைக் குட்டிக் கதிரையில் இருத்தினார். ஜெனிக்கு ஆறு முடியப் போகிறது, இனி இங்கே எடுக்க முடியாது, இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது... சொல்ல மாட்டாமல் சொன்னார். "படத்தை நானே எடுக்கிறன்" என்றேன். வேறொருவர் கை படக்கூடாது என்று இருந்தது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து வைத்து, நகத்தால் சுரண்டினேன். அன்றைக்கு அந்த இடத்தை மட்டும்தான் துடைத்தேன்.

ஜெனி ஏழு வயதில் தாயோடு வந்து இறங்கினாள். பையை வாங்கக் கை நீட்டினேன். "வேண்டாம், நானே கொண்டு வருவன்."

இப்போது அவளுடைய மகன் டோஸ்ட்ருப்பில் ஒரு மொன்ரிசோரிக்குப் போகிறான். ஃபோனிலேயே பதிந்து, கேட்ட நாளுக்கு இடம் கிடைத்தது. முதல் கிழமை முழுக்க வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டுமாம். பிள்ளை புது ஆளோடு பழக நாள் எடுக்கும், அவசரப்படுத்தக்கூடாது என்று அங்கிருந்த ரீச்சர் சொன்னார். ஜெனிக்கு வேலை, அதனால் நான்தான் போய் இருந்தேன். நல்ல ஒழுங்கு. எனக்கும் ஜெனிக்கும் அப்படி ஒரு கிழமை ஒருவரும் தரவில்லை...

ஜெனி தங்கமான பிள்ளை. ஞாயிறு தவறாமல் வருவாள், என் மருந்து மாத்திரை எல்லாம் அவள்தான் பார்ப்பாள். வாசலில் கால் வைத்ததும் தாயோடு சண்டை தொடங்கிவிடும். கறிக்கு உப்புக் கூடிப்போச்சு, பேரனுக்கு இனிப்புக் கூடிப்போச்சு... வீடே அதிரும். என்னோடு மட்டும் இன்றுவரை ஒரு சொல் எதிர்த்துக் கதைத்ததில்லை.

"உங்களுக்கென்ன, குடுத்து வைச்சனியள்," என்பாள் றீற்றா.

ஓம் என்று தலையாட்டுவேன். அவளுக்கு நான் விருந்துக்கு வந்த ஆள். விருந்தாளியோடு யார்தான் சண்டை பிடிப்பார்கள்?