அம்சத்தின் குதிகால்

“அடி அம்சம், அரிசிக் கடையில இன்னிக்கி எதுக்குடி இளிச்ச? அவன் நிறுத்துப் போட்டது கொறச்சல். அதுல ஒனக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?”

வாய்க்காலில் இறங்கி, ஒரு காலை மறு காலால் தேய்த்துச் சேறு போக்கிக்கொண்டே தன்னைத்தானே இப்படிக் கேட்கிறாள் அம்சம். பதிலையும் அவளே சொல்லிக்கொள்கிறாள். “பயந்தான், வேற என்ன? நாளைக்கி இளிக்காம கேளு.” தீர்ப்பு ஆயிற்று. முகத்தில் நாலு கை தண்ணீர் அள்ளி அடித்துக்கொண்டு கரையேறிவிடுகிறாள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் இதைக் கண்டால் காத்துக் கறுப்பு ஏதோ என்று மிரளுவார்கள். கீழத்தெருக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். “அக்கா கோர்ட்டு நடத்துது, செத்த பொறுத்து வா” என்று ஒதுங்கி நிற்பார்கள்.

மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குத் தெற்கே நெய்விளாகம் என்ற ஊரில், நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் முதல் ஆள். குள்ளம். கறுப்பு. கன்னத்தில் எப்போதும் ஒரு வெற்றிலை உருண்டை. குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத குரல். அவள் ஓர் அதட்டுப் போட்டால் இரண்டு வயலுக்கு அப்பால் நாற்றுப் பறிக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.

நடவு என்பது பின்னால் நடக்கிற வேலை. இடக்கையில் நாற்றுமுடி, வலக்கை சேற்றில் குத்தக் குத்தக் கால் ஒவ்வோர் அடியாகப் பின்னே போகும். முன்னே வைத்தால் நட்டதையே மிதிக்க வேண்டியதுதான். பாவாடையைத் தூக்கிச் செருகத் தெரிந்த வயதில் வயலில் இறங்கியவள் அம்சம். வரப்பு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே அவள் குதிகாலுக்குத் தெரியும். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரக் கால்களே ஒரு நாள் அவள் மானத்தை வாங்கின.

குடியிருக்கிற மனைக்குப் பட்டா என்று சட்டம் வந்து, கீழத்தெரு முகப்பில் செங்கொடியும் ஏறி, பண்ணையாரை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை ஜனங்கள் விட்டொழித்திருந்த வருஷங்கள் அவை. அப்படியும் ஒரு வழக்கம் மட்டும் அசையாமல் நின்றது. வயலில் இறங்கிய பெண், அந்த வயல் முடிகிற வரைக்கும் கரையேறக் கூடாது. கைப்பிள்ளைக்காரியானாலும் அதே சட்டம்தான்.

அந்தக் குறுவை நடவில் அம்சத்தின் அண்ணன் மகள் காத்தாயி, தலைச்சன் பிள்ளையைப் பூவரச மரத்தில் கட்டிய சேலை ஏணையில் போட்டுவிட்டு வயலில் நின்றாள். பிள்ளை கத்தித் தீர்த்தது. காத்தாயிக்குப் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, சொட்டுச் சொட்டாகச் சேற்றில் விழுந்தது. வரப்பில் நின்று நடவை மேற்பார்க்கிற பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம், “வயலு முடியட்டும். புள்ள எங்க ஓடிப் போவப் போவுது?” என்றார். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அம்சம் எல்லாவற்றையும் பார்த்தாள். அவளும் மூன்று பிள்ளைகளை இப்படிக் கத்தவிட்டு நட்டவள்தான்.

மறுநாள் விடிந்ததும் காத்தாயியைக் கூட்டிக்கொண்டு பண்ணையார் சாரங்கபாணியின் நெற்களத்துக்கே போய்விட்டாள். ராத்திரி பெய்த மழையில் களம் ஊறிக் கிடந்தது. அவர் வீட்டுப் படியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கய்யா… புள்ளக்காரிங்க காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் கரையேறி, பால் குடுத்துட்டு வந்துடுறோமுங்க… ஐயா மனசு வச்சா ஆவுமுங்க…”

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “பாப்போம், பாப்போம்” என்றார். அவ்வளவுதான். பேச்சு முடிந்தபோது, அம்சம் களத்தைத் தாண்டி மூங்கில் படலுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தாள். போ என்று அவளை யாரும் சொல்லவில்லை. இங்கே எப்படி வந்தோம் என்று அவளுக்கே திகைப்பு. குனிந்து பார்த்தாள். ஈரக் களத்தில் அவள் கால் தடம் படியடியிலிருந்து படல் வரைக்கும் ஒழுங்காகப் பதிந்திருந்தது. விரல்கள் எல்லாம் பண்ணையாரைப் பார்த்தபடி, குதிகால் எல்லாம் தெருவைப் பார்த்தபடி. பக்கத்தில் அவளைப் பார்த்துப் பின்வாங்கிய காத்தாயியின் தடம்.

“அடி அம்சம், களத்துல நாத்து நட்டுட்டுல்லடி வந்திருக்க!”

வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் முதுகு எந்தப் பக்கம் போகிறது என்று அம்சத்துக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு விட்ட ‘ஆண்டே’யைக் கால் இன்னும் விடவில்லை. வேறொருத்தியாக இருந்தால் மழையைத் திட்டியிருப்பாள், பண்ணையாரைத் திட்டியிருப்பாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாக இருப்பது சௌகரியம். இவள் தன் காலைத் திட்டினாள். வாய்க்காலில் கோர்ட்டு கூடுவது ஆரம்பித்தது அன்று சாயங்காலம்தான்.

சம்பா நடவுக்கு முன்னால் மாயவரம் தாலுகா ஆபீசில் நடவுக் கூலி பற்றி முத்தரப்புப் பேச்சு என்று தகவல் வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் பஞ்சநதம், “பால் குடுக்குற விசயத்த நீங்களே பேசிடுங்கக்கா. ஆம்பளங்க சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க” என்றார். அம்சம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தாசில்தார் முன்னால் அவள் பின்வாங்கினால், அடுத்த நடவிலும் பிள்ளைகள் ஏணையில் கத்தத்தான் வேண்டும்.

அவள் புருஷன் வீரையன் உதவிக்கு வந்தான். கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்து, தோளில் துண்டைப் போட்டு, “என்னாடீ?” என்று பண்ணையாராகவே மாறினான். மனிதனுக்கு அந்த வேஷம் அமோகமாகப் பொருந்திவிட்டது. கால்மேல் கால் போட்டுக்கொண்டு வெற்றிலை மடித்துத் தரச் சொன்னான். அம்சம் உரலோடு அவனைக் கவிழ்க்கப் போனாள். “பேசிப் பழவச் சொன்னா, பண்ணையாவே பொறந்துட்ட!”

பிறகு பூவரச மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று பேசிப் பார்த்தாள். மரம் பின்னால் இருந்தவரைக்கும் கால் நின்றது. மரத்தை விட்டு வந்தால் பழைய கதை. கட்டை விரலை மண்ணில் ஊன்றிப் பார்த்தாள். கால் நின்றது, குரல் உள்ளே போய்விட்டது. ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் உடைகிற வாய்க்கால் கரை மாதிரி இருந்தது அவள் பாடு.

குறுவையின் கடைசி வயலில் அதற்கு விடை கிடைத்தது. நாற்றுமுடி வீசுகிறவன் எங்கேயோ பராக்குப் பார்த்துக்கொண்டு முடிகளை நட்ட பக்கமே வீசினான். “யோவ், கண்ணு எங்க இருக்கு? இந்தப் பக்கம் வீசுய்யா!” என்று கத்தினாள் அம்சம். கத்தின பிறகுதான் பார்த்தாள். கால் ஓர் அடி முன்னால் நின்றது. அன்று வாய்க்கால் கோர்ட்டு வெகு நேரம் நடந்தது. கடைசியில் காத்தாயியைக் கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொன்னாள்.

“நாத்துக்காரன்ட்ட நான் வேல சொன்னேன்டி. பண்ணையார்ட்ட பிச்ச கேட்டேன். பிச்ச கேக்குறவ காலு வாசலத்தான தேடும்? காலு மேல தப்பில்ல. நெனப்பு மேலதான் தப்பு.”

“இப்ப என்னாத்த செய்றது அத்த?”

“புள்ளைக்குப் பால் குடுக்குறதும் நடவு மாதிரி ஒரு வேல. அது எப்ப நடக்கணும்னு சொல்லப் போறேன். கேக்கப் போவல.”

தாலுகா ஆபீசில் ஒரு பக்கம் பண்ணைக்காரர்கள் நாற்காலியில், ஒரு பக்கம் சங்கத்தார் பெஞ்சியில், நடுவில் தாசில்தார். அம்சத்தின் முறை வந்தது. எழுந்தாள். வாயைத் திறப்பதற்கு முன்பே வலக் குதிகால் மெல்ல எழும்பியது. அவளுக்கு அது தெரிந்தது. குனிந்து காலைப் பார்த்தாள். சபை காத்திருந்தது. பஞ்சநதம் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, “பால்… பால்…” என்று அடியெடுத்துக் கொடுத்தார். அம்சம் குதிகாலைத் தரையில் வைத்தாள். பிறகு பேசினாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தொடங்கவில்லை. மனசு வைக்கச் சொல்லி முடிக்கவும் இல்லை.

“காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், புள்ளக்காரிங்க கரையேறிப் பால் குடுத்துட்டு வருவாங்க. அதுக்குக் கூலில புடிக்கப்படாது. வர்ற நடவுலேருந்து இப்புடித்தாங்க.”

சாரங்கபாணி நாற்காலியை விட்டு எழுந்து அவளை நோக்கி வந்தார். தாசில்தாரைப் பார்த்துச் சிரித்தபடி, “அழுத புள்ள பால் குடிக்கும்பாங்க. இவங்க எதுக்கெடுத்தாலும் அழுவுறாங்க சார்” என்றார். நாற்காலிகள் சிரித்தன.

“எங்க புள்ள காலைலேருந்து அழுதிச்சுங்க,” என்றாள் அம்சம். “மத்தியானம் வரைக்கும் அழுதிச்சு. குடிக்கல. பால் சேத்துல கொட்டுச்சு. நான் பாத்தேன்.”

அவர் விபூதி வாசனை அவள் மூக்கில் அடிக்கிற தூரம். அவள் நின்ற இடத்தில் நின்றாள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். சாரங்கபாணியின் கால் அடியடியாகப் பின்னே போயிற்று; கை பின்னால் போய் நாற்காலியைத் தடவித் தேடியது. உட்கார்ந்துவிட்டார். “நியாயம்தானே, இதுல என்ன தகராறு?” என்றார் தாசில்தார். வேறு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வெளியே டீக்கடையில் சங்கத்து ஆண்கள் அம்சத்துக்கு முதல் டீயை நீட்டினார்கள். வீரையன் கண்டவர் நின்றவரிடமெல்லாம் “எங்க வூட்டுலதான் பேசுனுச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெருமைப்பட அவனுக்கு உரிமை உண்டு. எதிரில் பண்ணையாராக உட்கார்ந்து ஏச்சு வாங்கினவன் அவன்தானே.

சம்பா நடவின் முதல் நாள். வெயில் ஏறும் நேரத்தில் ஏணையில் பிள்ளை சிணுங்கியது. காத்தாயி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் கரையேறாமல், பழக்க தோஷத்தில் வரப்பைப் பார்த்தாள். அங்கே குடை பிடித்து நின்ற குஞ்சிதபாதம், “பேசுனதெல்லாம் சரிதான்… இந்த மூலைய மட்டும் முடிச்சிட்டுப் போயேம்மா” என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை. ஆனாலும் காத்தாயியின் முதுகு மறுபடி வளையத் தொடங்கியது.

அம்சம் பக்கத்தில் வந்தாள். காத்தாயியின் கையிலிருந்த நாற்றுமுடியை வாங்கினாள். சேற்றை உழக்கிக்கொண்டு நேராக வரப்புக்கு நடந்தாள். தண்ணீர் சொட்டுகிற முடியைக் காரியக்காரர் முன்னால் நீட்டினாள்.

“புள்ள பசியாறட்டும். அதுவரைக்கும் இத நீங்க புடிச்சுக்குங்க.”

குஞ்சிதபாதம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.