இருபது கே.வி.ஏ. கேட்டு வாங்கிய நாள்

2008-இல் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தேன். தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்த வாரம் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்க ஆள் வரவிருந்தார். அன்று வேலை நின்றால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

"வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தரலாம். எத்தனை யூனிட் வேணும்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றார் முதலாளி.

கணக்குப் போட உட்கார்ந்ததுமே குழம்பிப் போனேன். தையல் மெஷின் மோட்டாரில் அரை எச்.பி. என்று இருந்தது. அயர்ன் பாக்ஸில் ஆயிரம் வாட். முதலாளி கேட்டதோ யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்; அது செலவாகும் மின்சாரம், ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கும் என்பது வேறு. இது விளங்கவே அரை நாள் ஆனது. பிறகு பழைய ப்ளஸ் டூ புத்தகத்தில் ஒரு எச்.பி. 746 வாட் என்று கண்டுபிடித்தேன். இருபத்து நாலு மெஷினுக்கு ஒன்பது கிலோவாட், பத்து அயர்ன் பாக்ஸுக்குப் பத்து, விளக்குகளுக்கு அரை. மொத்தம் பத்தொன்பதரை.

வாடகைக் கடையில், "எத்தனை கே.வி.ஏ.ங்க?" என்றார்கள். கிலோவாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்களோ? கேட்க வெட்கமாக இருந்தது. இருபது என்று சொல்லிவிட்டேன்.

சோதனை நாளன்று காலையிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். எல்லா மெஷினும் ஓடி, அயர்ன் பாக்ஸும் சூடேறத் தொடங்கியதும் பட்டென்று நின்றது. மூன்று முறை அப்படியே. எனக்குக் கோபம் வந்தது. ஜெனரேட்டரோடு வந்த ஆபரேட்டரிடம், "ஓட்டை வண்டியக் கொண்டாந்து எங்க வேலையக் கெடுக்கறீங்க" என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். முதலாளியும், "எடுத்துட்டுக் கெளம்புங்க" என்றார்.

கைகட்டி நின்ற ஆபரேட்டர், "வண்டி மேல கொறையில்லீங்க. இதப் பாருங்க" என்று ஜெனரேட்டரில் இருந்த தகட்டைக் காட்டினார். இருபது கே.வி.ஏ. என்று போட்டு, கீழேயே பதினாறு கிலோவாட் என்றும் போட்டிருந்தது.

"கே.வி.ஏ.வுல எம்பது பர்சென்ட்தானுங்க கிலோவாட்டு. உங்க லோடு எத்தனைங்க?"

நான் போட்ட கணக்கோ பத்தொன்பதரை கிலோவாட். முதலாளி வேறு ஜெனரேட்டருக்காக போனை எடுத்துவிட்டார். பேசாமல் இருந்திருந்தால் பழி ஆபரேட்டரோடு போயிருக்கும். "தப்பு என்னோடதுங்க" என்றேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு போனை வைத்தார்.

ஆபரேட்டர் சொன்னபடி ஐந்து அயர்ன் பாக்ஸை நிறுத்தி, மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். ஜெனரேட்டர் நிற்கவில்லை. சாயங்காலம் சரக்கு பாஸானது. அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த தடவ இருவத்தஞ்சு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

அது ஏன் எண்பது பர்சென்ட் என்று எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. ஆனால் எனக்கு விளங்காத ஒன்றுக்காக அடுத்தவர் மேல் பாயத் தோன்றும்போதெல்லாம், திட்டு வாங்கிக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் என் வாயை அடைத்துவிடுகிறது.