உயர வரிசை

பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். என் தொப்பையைப் பார்த்த பிறகும் கேட்கிறார்கள் என்றால், என் பையன் ஒரு காலத்தில் மஞ்சள் பெல்ட் வரை போனவன் என்பதுதான் காரணம். நகத்தை வெட்டி அனுப்புங்கள், வயிறு முட்டச் சாப்பாடு போட்டு அனுப்பாதீர்கள், வெள்ளை உடுப்பைத் துவைத்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இதையெல்லாம் எந்த மாஸ்டரும் சொல்லுவார். அவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதினால் அவ்வளவு ஏறாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வகுப்பு நடந்தது ஒரு ரைஸ்மில் களத்தில். அறுவடை சமயத்தில் அங்கே நெல் காயும். மற்ற நாட்களில், சனி ஞாயிறு காலைகளில், எங்கள் பிள்ளைகள் காய்வார்கள். மாஸ்டர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நல்ல மனிதர்தான். எங்கள் பக்கத்தில் காரியத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்களே.

கராத்தேயில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த வரிசை. வயதுக்கு மரியாதை கிடையாது, அப்பாவின் காருக்குக் கிடையாது, பெல்ட்டுக்கு மட்டுந்தான். பெரிய பெல்ட் முதலில், வெள்ளை பெல்ட் கடைசியில். முதலில் நிற்பவர் ‘ரெய்’ என்று குரல் கொடுத்தால் எல்லாரும் இடுப்பை மடித்துக் குனிந்து மாஸ்டரை வணங்க வேண்டும். பிறகு அந்த முதல் ஆளைப் பார்த்துத் திரும்பி இன்னொரு வணக்கம். அவரும் பதிலுக்குக் குனிவார்.

எங்கள் வகுப்பில் அந்த முதல் ஆள் பதினொன்றாவது படித்த ஒரு பெண். பிரவுன் பெல்ட். ஆறாவது படித்த என் பையனின் உயரம்தான் இருப்பாள். அவனுக்கு இடது கால் எது, வலது கால் எது என்று புரியவைத்தவள் அவள். பள்ளிக்கூடம் பல வருடம் முயன்று கைவிட்ட காரியம் அது. அந்த வருடம் கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு அவள் போவதாக இருந்தது. ஊரில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

அவள் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார். நிலத்தின் சொந்தக்காரரை ஊரில் எல்லாரும் ‘ஒன்றியம்’ என்றுதான் சொல்வார்கள். கட்சியின் ஒன்றியச் செயலாளர். கட்சி ஆட்சியில் இருந்தாலும் இறங்கினாலும் அவர் ஒன்றியம்தான். புறவழிச்சாலை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் அவருக்கு அந்த வயலின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பிளாட் போட வேண்டும், காலி பண்ணு என்றார். குத்தகையைப் பதிவு செய்து வைத்திருந்த அந்த மனிதர் மாட்டேன் என்றார். வழக்கு ரெவின்யூ கோர்ட்டில் கிடந்தது.

ஒன்றியத்தின் மகனும் எங்கள் வகுப்பில்தான் இருந்தான். ஒன்பதாவது, பச்சை பெல்ட், கொடிக்கம்பம் மாதிரி வளர்த்தி, பரம சாது. ஒரு வருடத்துக்கு மேலாக வாரா வாரம் அந்தப் பெண்ணைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தான். அதனால் மழை நிற்கவுமில்லை, மேட்டூர் வற்றவுமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அவன் அப்பாவிடம் போய்ச் சொல்லும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

பெற்றோர் கூட்டம் கூடியது. ஒன்றியம் கரைவேட்டியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நாங்க மூணு தலைமுறையா சுயமரியாதைக்காரங்க மாஸ்டர். மனுசனுக்கு மனுசன் குனியறதுங்கறது எங்க கொள்கையிலயே கெடையாது. எம் பையன் யாருக்கும் குனிய மாட்டான்.”

முந்தின மாதம்தான் தலைவரின் வேன் வந்தபோது, இதே மனிதர் தார் ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததை ஊரே பார்த்தது. அவர் வயலில் நடவு நாட்களில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பெண்கள் குனிந்தே நிற்பார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவும் அதில் நின்றவள்தான். அப்போதெல்லாம் கொள்கைக்குக் காய்ச்சல் வந்ததில்லை. மாஸ்டருக்கு வணக்கம் சொல்வதில் ஆட்சேபணை உண்டா என்று ஒருவர் கேட்டார். குருவுக்குக் குனியலாமாம். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் எல்லாரும் களத்துச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுந்து பேசினேன். நூலகத்திலிருந்து ஒரு கராத்தே புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு வந்திருந்தேன். ஜப்பானில் வணக்கம் என்றால் என்ன, ஏன் எதிராளிக்கே வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார்கள் என்று நீளமாகப் பேசினேன். ஒன்றியம் பொறுமையாகக் கேட்டார்.

“சார் ரொம்ப நல்லாப் பேசுறீங்க. நம்ம மேடைக்கு ஒரு நாள் வாங்க” என்றார்.

சிரிப்பு கிளம்பியது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அத்துடன் ஜப்பான் முடிந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் அப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். “பெல்ட்டு மாஸ்டர் குடுத்ததுதானே சார்? நாங்களா கட்டிக்கிட்டோம்?”

ஒன்றியம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “நான் யாரையும் குறிப்பாச் சொல்லலீங்க மாஸ்டர். பொதுவாத்தான் சொல்றேன்” என்றார்.

ரைஸ்மில் அவருடைய மச்சினருடையது. மாஸ்டர் களத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு முகம் மலர்ந்தார். இனிமேல் எல்லாரும் உயர வரிசையில் நிற்கலாம் என்றார். பள்ளிக்கூடத்து டிரில்லில் அப்படித்தானாம். மாஸ்டருக்கு மட்டும் வணக்கம், மற்றது வேண்டாம், குரலையும் அவரே கொடுத்துவிடுவார். பெற்றோர்கள் மூச்சு விட்டார்கள். பார்வைக்கும் அழகாக இருக்கும் என்றாள் ஓர் அம்மா. அந்த அம்மா நல்லவள். என் மனைவியும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை பச்சை பெல்ட் முதலில் நின்றது. பிரவுன் பெல்ட், வெள்ளை பெல்ட்டுப் பொடிசுகளோடு கடைசியில், என் பையனுக்குப் பக்கத்தில். அவள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நான் அவள் அப்பாவிடம் போய்க் கொதித்தபோது, பரீட்சை முடியட்டும் சார், அதுவரைக்கும் நீங்க ஒன்னும் பேசாதீங்க என்று என்னையே கேட்டுக்கொண்டார். கறுப்பு பெல்ட் இருந்தால் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைக்குமாம். வயல் நிலைக்குமோ நிலைக்காதோ, அவள் காலில் அவள் நிற்கட்டும் என்றார்.

பரீட்சைக்குத் திருச்சியிலிருந்து பெரிய மாஸ்டர் வந்தார். நரைத்த புருவம், சிரிக்காத வாய். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் யார் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய மாஸ்டர் வரிசையைப் பார்த்தார். பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, பிரவுன் எல்லாம் கலந்து கிடந்தது. இது என்ன வரிசை என்று கேட்டார். எங்கள் மாஸ்டர் காதோடு ஏதோ சொன்னார். சரி, சீனியர் ‘ரெய்’ சொல்லட்டும் என்றார் பெரிய மாஸ்டர்.

முதலில் நின்ற பையனுக்கு வியர்த்தது. அவன் தலை வரிசையின் கடைசிப் பக்கம் திரும்பியது. பின்னாலேயே எல்லாத் தலைகளும் திரும்பின. எங்கள் மாஸ்டர் அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்து, “நீ சொல்லும்மா” என்றார்.

அவள் நேராக நின்றபடி சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

“உயரமா இருக்கறவங்க சொல்லட்டும் மாஸ்டர்.”

பெரிய மாஸ்டருக்கு என்ன தெரியும்? அவர் கண்ணில் பட்டது, குருவின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்ன ஒரு மாணவி. ஒழுங்கு இல்லாத பிள்ளையைப் பரீட்சை செய்ய முடியாது, வெளியே நில் என்றார். எங்கள் மாஸ்டர் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். அவர் வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பெற்றோர்கள் ஓரமாக நிற்கவும் என்றார் பெரிய மாஸ்டர். ஒன்றியம் என் கையை அன்பாகப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

அவள் பெரிய மாஸ்டருக்கு முறைப்படி குனிந்து வணக்கம் வைத்துவிட்டு, வரிசையின் முன்னால் நடந்து கேட்டை நோக்கிப் போனாள். கொடிக்கம்பப் பையனைத் தாண்டும்போது அவன் சட்டென்று இடுப்பை மடித்துக் குனிந்தான். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துதான் குனிந்தானா, பழக்கமா, எனக்குத் தெரியாது. அவள் நின்று பதிலுக்குக் குனிந்துவிட்டுப் போய், கேட்டில் காத்திருந்த தன் அப்பாவின் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டாள்.

இந்த இடத்துக்கு வரும்போது கேட்பவர்கள் முகம் மலர்ந்துவிடுகிறது. ஆகா, பையன் நல்ல பையன் என்கிறார்கள். எனக்கு மண்டை வெடிக்கிறது. நல்ல பையன்தான், யார் இல்லை என்றது? ஊரின் முதல் கறுப்பு பெல்ட் சில வருடம் கழித்து அவனுக்குக் கிடைத்தது. கடைத்தெரு முழுக்க போஸ்டர் ஒட்டினார்கள். அவளை அதன்பிறகு யாரும் பரீட்சைக்குக் கூப்பிடவில்லை.