ஏழாவது வாக்கியம்

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவளுடைய அலமாரியைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒழித்தேன். புடவைகளுக்கு அடியில் ஆங்கில வகுப்பு நோட்டு இருந்தது.

எங்கள் வீடு இருக்கும் மெட்டுகுடாவிலிருந்து பேகம்பேட்டுக்கு வாரம் மூன்று நாள் போய் இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள். கச்சிபௌலியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், தமிழில் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். அதற்காகத்தான். வீட்டுப்பாடத்தை நான் திருத்துவேன். ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என் வேலை. பார்த்த பக்கத்தின் அடியில் சுருக்கொப்பமும் தேதியும் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன். அவள் நோட்டிலும் அப்படியே போட்டேன்.

புரட்டியபோது ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். அன்றைய பாடம் 'ஷுட் ஹேவ்'. செய்திருக்க வேண்டும், ஆனால் செய்யவில்லை என்று சொல்வதற்கான வினை வடிவம். பத்து வாக்கியங்கள் எழுதியிருந்தாள். குடை எடுத்துப் போயிருக்க வேண்டும். பாலை இறக்கியிருக்க வேண்டும். அந்தப் பச்சைப் புடவையை வாங்கியிருக்க வேண்டும். ஏழாவது: வயிற்று வலி தொடங்கியபோதே நான் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். அதில் 'ஷுட் ஹேவ் கான்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஷுட் ஹேவ் வென்ட்' என்று இருந்தது. அடித்துத் திருத்தினேன்.

"என்ன சார், பாஸா ஃபெயிலா?" என்று வாத்தியாரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஒரே ஒரு தப்பு. ஏழாவதுல."

"அத படிச்சீங்களா?"

"படிக்காமயா திருத்துவேன்?"

நோட்டை நீட்டினேன்; அவள் வாங்காமல் அந்த ஏழாவது வரியின் மேல் விரலை வைத்தாள்.

"புரியலன்னா சொல்லு, இன்னொரு தடவ விளக்கறேன்" என்றேன்.

"நக்கோ சார், வேணாம், புரிஞ்சிடுச்சு." சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

நான்கு மாதம் கழித்து அதே சமையலறையில் சுருண்டு விழுந்தாள். அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் என்னிடம் கேட்டார். இவள் ஒன்றும் சொன்னதில்லையே என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். அவள் பக்கத்திலேயே படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

நோட்டில் இருந்த தேதியை வைத்து என் நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளும் விடாமல் எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்பதுகூட இருக்கிறது. அன்றைய கடைசி வரி இது: 'அவள் பாடம் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது. நல்ல முன்னேற்றம்.'