வைமாரியின் வண்டறை

வைமாரி ஹொஹேப்பா வண்டு வளர்ப்பவள். அதுவும் கொல்வதற்கென்றே வளர்ப்பவள். டோக்கரோவாவில் அவள் முகம் தெரியாதவர்களுக்கும் இது தெரியும்.

ஊரைச் சுற்றிலும் பைன் காடு. வெட்டிய மரம் கப்பலேறினால்தான் பாதி வீடுகளில் அடுப்பெரியும். வாங்குகிற நாடுகளோ, பட்டைக்கடியில் உயிருள்ள புழு ஒன்று கிடந்தாலும் சரக்கை வேண்டாம் என்றுவிடும். அதனால் துறைமுகத்தில் மரக்குவியல்களைப் பெரிய தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே நச்சு வாயுவைச் செலுத்துவார்கள். அந்த வாயு வானத்து ஓசோனை அரிக்கிறது என்பது தெரிந்துபோனதால், வேறு வழி தேடுவதற்காகப் பழைய மரமில் ஒன்றில் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் திறந்திருந்தார்கள்.

வைமாரி முன்பு அதே மில்லின் உணவகத்தில் இருந்தவள். கணவன் சுரங்க வேலைக்கென்று ஆஸ்திரேலியா போனான். முதல் வருஷம் போன் செய்தான். இரண்டாம் வருஷம் விவாகரத்துக் காகிதம் அனுப்பினான். மில் மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று. புழுவைக் கண்டால் அருவருப்பில்லாத ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நீள்கொம்பு வண்டின் புழுக்களுக்குப் பைன் பட்டையைப் பொடித்துப் போடுவாள், ஈரம் பார்ப்பாள், பூசணம் பிடித்த தட்டை மாற்றுவாள். எல்லாம் கொழுத்துத் திரண்டதும், சோதனைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

வாங்கிக்கொள்பவர் அலஸ்டர் ரீட். ஐம்பத்தேழு வயது மின்பொறியாளர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். மரத்தின் இரு முனைகளிலும் செப்புத் தகடுகளைப் பொருத்தி மின்சாரம் பாய்ச்சினால் மரம் உள்ளிருந்தே சூடாகும், வாயுவே வேண்டாம் என்பது அவருடைய மூன்று வருஷ உழைப்பு. குளிர்காலத்தில் கூடத்திலேயே வெதுவெதுப்பான இடம் வண்டறை வாசல்தான் என்பதால், மதியம் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தினமும் அதே பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்பார்.

ஒருநாள் கேட்டார்: "தட்டைக் கொடுக்கறப்போ ஏதோ முணுமுணுக்கறீங்களே, என்னது?"

அவள் முகம் சிவந்துபோனது. "போயிட்டு வாங்கன்னு சொல்வேன். எங்க பேச்சுல."

"புழுகிட்டயா?"

"சிரிங்க, சிரிங்க இன்ஜினியரு. வளர்த்தது நான்தானே."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து தட்டை வாங்கும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அங்கே நடுக்குளிர்காலமான அந்த ஜூலையில் நடந்த பெரிய சோதனையில் ஆயிரத்து இருநூறு புழுக்களை மரங்களுக்குள் துளையிட்டு வைத்து, மின்சாரம் பாய்ச்சி, வெளியே எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட அசையவில்லை. எல்லோரும் இறைச்சி பேஸ்ட்ரி வாங்கி வந்து கொண்டாடினார்கள். அடுத்த வார வெள்ளிக்கிழமை அறிக்கை போவதாக ஏற்பாடு.

வைமாரி மட்டும் புழுக்களைக் குப்பையில் கொட்டவில்லை. சூடு பட்ட புழு செத்த மாதிரி கிடந்துவிட்டுப் பிறகு எழுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் புதுப் பொடியில் வைத்து, தினமும் காலையில் தூரிகையால் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, நானூற்றுப் பதினேழாவது புழு தாடையை அசைத்தது.

மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் அசைந்தது. தங்கை ரொய்மாட்டாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஒரே ஒரு புழுதானே? நசுக்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வா. யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்ல."

"பாவம்க்கா அந்த மனுஷன். மூணு வருஷம்!"

"அதைத்தான்டி நானும் நினைக்கறேன். ஆனா நாளைக்கு இது மாதிரி ஒண்ணு மரம் வாங்கற நாட்டுல போய் இறங்கிச்சுன்னா? மொத்தப் பழியும் அவர் தலையிலதானே விழும்?"

மதியம் அவர் ரொட்டியைப் பிரிக்கும்போது போய் நின்றாள். "கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

அலஸ்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். புழு மறுபடி அசையும்வரை எடுக்கவில்லை.

"எப்போ பார்த்தீங்க?"

"காலையிலயே. உங்ககிட்ட வர்றதுக்கு இவ்வளவு நேரம் ஆயிடுச்சு. நான் ஒரு பயந்தாங்கொள்ளி."

"பயந்தவங்களா இருந்தா நசுக்கியிருப்பாங்க" என்றார். அறிக்கையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, ரொட்டியை நாற்காலியிலேயே விட்டுப் போனார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமை வைமாரி பன்றியெலும்பும் கீரையும் போட்டுக் குழம்பு வைத்து, பானையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு நாள் தாடியோடு திறந்தார். மேஜை முழுக்க வரைபடங்கள்.

"முதல்ல சாப்பிடுங்க. இயந்திரத்தை அப்புறம் திட்டிக்கலாம்."

இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அவள் தன் பதிவேட்டைத் திறந்து, அந்தப் புழு இருந்த துளையைக் காட்டினாள். நாலாவது மரம், பட்டையை ஒட்டிய துளை, வாசல் பக்கம்.

"அன்னிக்கு வாசல் வழியா என்ன காத்து! எனக்கு மூக்கே விறைச்சுப் போச்சு. உள்ள கொதிச்சாலும் தோல் குளிரத்தானே செய்யும்?"

அலஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் சூட்டை மரத்தோட நெஞ்சுலதான் அளந்தேன். தோல்ல அளக்கவே இல்ல."

"போர்த்திவிட்டா?"

"எதால?"

"கம்பளியால. ஆளைவிட ஆடு அதிகமா இருக்கற இந்த நாட்டுல அதுக்கா பஞ்சம்?"

அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "இவ்வளவு படிச்சு, மரத்துக்குக் கம்பளி போர்த்தணும்னு குழம்பு கொண்டுவந்தவங்க சொல்ல வேண்டியிருக்கு!"

மேலிடத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். எந்தத் துளையில் பிழைத்தது என்று அலஸ்டர் மறைக்காமல் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த பிறகு, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். வைமாரி மறுபடி புழு வளர்த்தாள். ஐந்து மாதம் ஆயிற்று. போர்வைகள் அவள் வீட்டிலிருந்தும், பழைய சாமான் கடையிலிருந்தும், ரொய்மாட்டாவின் அலமாரியிலிருந்தும் வந்தன. ஒன்றில் இளஞ்சிவப்பு முயல்கள். பட்டைக்கடியிலும் வெப்பமானி செருகினார்கள்.

இந்தத் தடவை முப்பது நாள் காத்திருந்தார்கள். தினமும் காலையில் அவள் தூரிகையால் தொடுவாள், அவர் எண்ணைச் சொல்லிக் குறித்துக்கொள்வார். முப்பதாம் நாள் கடைசித் தட்டு முடிந்ததும் இருவரும் தட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒன்றும் அசையவில்லை. அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கண் கலங்கியது. அவர் ஏன் என்று கேட்காமல் கைக்குட்டையை நீட்டினார்.

"இனிமே நம்பலாமா?" என்றார்.

"புழுவைப் பொறுத்தவரைக்கும் நம்பலாம்."

"என்னைப் பொறுத்தவரைக்கும்?"

அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "சனிக்கிழமை வாங்க. இந்தத் தடவை பானையை நீங்க கழுவணும்."

துறைமுகத்தில் இன்றைக்கும் பெரும்பாலான குவியல்களுக்கு வாயுதான். அலஸ்டரின் இயந்திரம் ஒன்றே ஒன்று, கம்பளிக்குப் பதில் சற்று மேம்பட்ட உறையோடு, ஒரே ஒரு நாட்டுக்குப் போகிற மரங்களுக்கு ஓடுகிறது. அது போதாது என்பார் அவர். ஆரம்பம்தானே என்பாள் அவள். இலையுதிர்காலத்தில் ரொய்மாட்டா வீட்டு முற்றத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஐம்பத்துநாலு வயதில் அக்காவுக்குத் தலைவாரிவிடும்போது ரொய்மாட்டா, "நல்லவேளை, அந்தப் புழுவை நசுக்கிடுன்னு நான் சொன்னதை அன்னிக்கு நீ கேக்கல" என்றாள். வைமாரி சிரித்த சிரிப்பில் சீப்பு தெறித்து விழுந்தது.