இரண்டு மசிடோனியாக்காரிகள்

என் மூன்று வயது மகள் தண்ணீர் கேட்கும்போது "நெரோ" என்கிறாள். அது கிரேக்கச் சொல். மொன்ட்ரியாலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் தெருவிலேயே வீட்டோடு கார்டெரி என்னும் பிள்ளைகள் காப்பகம் நடத்தும் எலேனி அம்மாவிடம் பிடித்துக்கொண்டது. தமிழ் பின்தங்கிவிடுமோ என்று பயம்தான். ஆனால் வேலைக்குப் போகிறவளுக்கு இந்த நகரத்தில் பிள்ளையை விட ஓர் இடம் கிடைப்பதே பெரிய காரியம்.

அண்மையில் அங்கே ஓர் இடம் காலியானது. என்னோடு பிரெஞ்சு வகுப்பில் படிக்கும் வெஸ்னா தன் மகளுக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்தாள். கிடைக்காவிட்டால் புது வேலையை விடவேண்டும். அவள் மசிடோனியாக்காரி. எலேனி அம்மாவும் தன் ஊர் மசிடோனியா என்றே சொல்லுவார். ஒரே ஊர் என்றால் நம் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? வெஸ்னாவைக் கூட்டிப்போய், "உங்கள் ஊர்ப் பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னேன்.

"தெசலோனிக்கியா?" எலேனி அம்மாவின் முகம் மலர்ந்தது.

"இல்லை, பிட்டோலா," என்றாள் வெஸ்னா.

"அது மசிடோனியா இல்லை. மசிடோனியா எங்களுடையது."

"என் அப்பாவின் அப்பா பிறந்தது உங்கள் பக்கத்தில்தான். ஊரின் பெயரையும் மாற்றினீர்கள், அவருடைய பெயரையும் மாற்றினீர்கள்."

எலேனி அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இடம் நிரம்பிவிட்டது."

தெசலோனிக்கி இருக்கும் கிரேக்கத்தின் வடபகுதிக்கும், பிட்டோலா இருக்கும் அதற்கு மேலேயுள்ள நாட்டுக்கும் மசிடோனியா என்று ஒரே பெயர். கிரேக்கம் விடாமல் சண்டை பிடித்து, அந்த நாட்டின் பெயருக்கு முன்னால் 'வட' சேர்க்கவைத்தது. இதையெல்லாம் பிறகுதான் தேடி வாசித்தேன்.

"ஒரே பெயர் என்றுதான் கூட்டிவந்தேன்," என்றேன் தெருவில்.

"பெயருக்குத்தானே சண்டை," என்றாள் வெஸ்னா.

வீட்டில் கணவர் எரிந்து விழுந்தார். "உனக்கேனப்பா ஊர்த் துளவாரம், மற்ற ஆக்களின்ரை விசயம்? அந்த மனிசி எங்கட பிள்ளையையும் வேண்டாமெண்டால் எங்கை விடுவாய்?"

நான் திருகோணமலையில் பிறந்தவள். யார் முதலில் வந்தவர் என்று ஆளுக்கொரு கதை சொல்லும் ஊர். இங்கேயும் கல்யாண வீடுகளில் "எந்த ஊர்?" என்பார்கள், பதில் சொன்னதும் "அங்கை எந்தப் பக்கம்?" என்பார்கள். சேர்ப்பதற்காக மட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை. எனக்கா இது தெரியாமல் போனது?

மறுநாள் காலை மகளைக் கொண்டுபோனேன். கொண்டுபோகாமல் விட்டிருக்கலாமோ? அவளுடைய சப்பாத்தைக் கழற்றும்வரை, வெஸ்னாவுக்காகக் கேட்கவேண்டியதைப் பிரெஞ்சில் மனதுக்குள் கோத்தபடி நின்றேன். எலேனி அம்மா பிள்ளையை முத்தமிட்டுத் தூக்கிக்கொண்டார்.

"அந்த இடம் இருக்கிறது. உன் ஆட்கள் யாராவது இருந்தால் கூட்டி வா."

"மெர்சி," என்று நன்றி மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தால், எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் வெஸ்னா மகளோடு நிற்கிறாள். என் பஸ்ஸும் அங்கேதான் வரும். தெருவைக் கடக்கவும் முடியாமல், வந்த வாசலுக்குத் திரும்பவும் முடியாமல் பனிக்குள் நின்றேன். பஸ் வந்தது, போனது.