ஒரு மணி நேரத்தில் திறந்த டப்பா

குத்துக்கல்வலசையில் நான் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் ஷெட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. போர்டில் சாமான்களைப் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட் டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால், அது நாலு மணி நேரம் மூடியபடியே வெளியில் இருக்க வேண்டும். அதற்குள் திறந்தால் குளிர்ந்த பேஸ்ட்டில் காற்றின் ஈரம் இறங்கிவிடும். பிறகு ஓவனுக்குள் அது பொரிந்து தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பற்றவைத்தது பிடிக்காமல் போய்விடும். புதிதாக வருகிறவர்களிடம் இதைக் கத்திக் கத்திச் சொல்வதே நான்தான்.

அன்றைக்குத் திறந்ததும் நான்தான்.

அருவி சீசனின் முதல் வாரம். காலையிலிருந்தே சாரல். பக்கத்து மேஜைக்காரி மேலகரத்திலிருந்து வருகிறவள், உள்ளே நுழையும்போதே, "ஏட்டி, மெயினருவியில தண்ணி விழுது. வெளியூர்க் கூட்டம் வாரதுக்குள்ள ஒரு குளி குளிச்சிட்டு வந்திருவோம்" என்றாள். அதைக் கேட்டபிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேலையில் மனசு நிற்குமா? ஏசியை அணைத்து, சாரல் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தோம். டப்பா வெளியே வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. "போதும் போ" என்று மூடியைத் திருகினேன். பொடிப்பொடி ஓட்டை போட்ட தகட்டை ஒவ்வொரு போர்டின் மேலும் வைத்து, பேஸ்ட்டை வழித்து இழுத்தேன். நாற்பது போர்டு. டெஸ்டில் எல்லாம் பாஸ். அருவியில் நல்ல தண்ணீர், சந்தோஷமாகத்தான் குளித்தேன், பொய் சொல்வானேன்.

அந்த போர்டெல்லாம் பனிமலையில் போகிறவர்கள் நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கருவிக்கு. பனி சரிந்து ஆளை மூடினால், தேடுகிறவர்களுக்கு அது சிக்னல் கொடுக்கும்.

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். அந்த வருஷம் காஷ்மீரில் பனிச்சறுக்குப் பயிற்சி. அங்கே அவனுக்கும் நாங்கள் போர்டு செய்கிற அதே கருவிதான். "கால்ல ரெண்டு பலகையக் கட்டிக்கிட்டு வழுக்குதோம்க்கா. விழுந்தா ஒண்ணுமில்ல, மேல இருந்து பனி எறங்குனாத்தான் சோலி முடிஞ்சிரும்" என்று போனில் சிரித்தான். "வாயக் கழுவுலே" என்று ஏசினேன்.

அந்தக் குளிர்காலத்தில் பனி இறங்கியது. மூடியது தம்பியை அல்ல, அவனோடு ஒரே அறையில் இருந்த மதுரைப் பக்கத்துப் பையனை. லீவில் வந்த தம்பி, பிசைந்த சோற்றை வாயில் வைக்காமலே சொன்னான்.

"அன்னைக்கு எனக்கு கேம்ப்ல டூட்டி. அவன் சிக்னல் மிஷினுக்கு வார் அறுந்துபோச்சு, என்னோடதக் குடுத்தேன். எங்க அக்கா செஞ்சதுதாம்லே, தைரியமாக் கட்டிக்கோன்னேன். அது சிக்னலே குடுக்கலக்கா. கம்பியால குத்திக் குத்தித்தான் தேடுனோம்."

"கெடச்சானா?"

"கெடச்சான். ரெண்டு மணி நேரம் ஆயிட்டு."

நல்லவேளை, அந்தக் கருவி தம்பி நெஞ்சில் இல்லை என்று முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. சீ, என்ன மனசு! அதற்குப் பிறகுதான் சில்லென்றிருந்த அந்த டப்பா ஞாபகம் வந்தது.

வேறு எங்கோ செய்த போர்டாக இருக்கலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம். கருவியின் நம்பரைத் தம்பியிடம் கேட்டால், எங்கள் ரிஜிஸ்டரில் அஞ்சு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். நான் கேட்கவில்லை. இப்போதும் பேஸ்ட்டை இழுக்கும்போது, அடியில் யாரோ கூப்பிட முடியாமல் கிடக்கிற மாதிரி இருக்கும். தகட்டைத் தூக்கிப் பார்ப்பேன். அங்கே என்ன இருக்கும், போர்டுதான்.

தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டான். போன் பேசும்போதெல்லாம் எதையாவது பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தணித்துக்கொள்வான்.

"யக்கா, அவன் கையில குடுக்கும்போது நான் ஆன் பண்ணாமக் குடுத்திட்டனோ? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்கு."

"பண்ணியிருப்பலே" என்பேன். டப்பாவைப் பற்றிச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன்.